இடக்கைக்கு உரிய வேலை: வீட்டில் பியானோ பழகுவோருக்கு ஒரு திறந்த மடல்



ஆசிரியர் ஒருவரிடம் முறையாகச் சென்று பயில வாய்ப்பில்லாமல், அலுவலகமோ பள்ளியோ சமையலோ முடிந்தபின் கிடைக்கும் சிறு பொழுதில், கீபோர்டு ஒன்றை மேசைமீது வைத்துக்கொண்டு, பிடித்த திரைப்பாடல்களைத் தாமே வாசித்துப் பார்க்க முயல்வோரை எண்ணியே இம்மடல் எழுதப்படுகிறது. அவர்களுள் பலர் விரைவிலேயே வலக்கையால் ஒரு பாட்டின் மெட்டைத் தடங்கலின்றி வாசிக்கும் நிலையை அடைந்துவிடுகின்றனர். அதன்பின் பத்துப் பாட்டு, இருபது பாட்டு என்று எண்ணிக்கை கூடுகிறதே தவிர, இடக்கை மடியிலேயே கிடக்கிறது, அல்லது யாரோ எழுதிக்கொடுத்த கார்ட் பெயர்களைப் பார்த்து, மனப்பாடமான மூன்று நான்கு விரல்வடிவங்களைப் பொருளறியாமல் அழுத்திக்கொண்டிருக்கிறது. புதிதாகக் கேட்ட பாட்டுக்கு உரிய கார்ட்களைத் தாமே கண்டுபிடித்து வாசிக்கும் திறன் வீட்டுப் பயிற்சியால் வாராது என்ற எண்ணமும் இந்நிலையிலிருந்தே பிறக்கிறது. அவ்வெண்ணம் பிழையானது என்பதும், ஸ்கேலிலிருந்து கார்ட் பிறக்கும் முறையைக் காதாலும் விரலாலும் அறிந்துகொண்டவருக்கு இடக்கையின் வேலை தானே விளங்கும் என்பதும், சுரம் பாடிக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு அம்முறை அவ்வளவு புதியதன்று என்பதும் இம்மடலின் கருத்து.

பியானோ என்னும் கருவி, இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் மெடிச்சி குடும்பத்தாரின் இசைக்கருவிகளைப் பேணிவந்த பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரியால் 1700-ஆம் ஆண்டையொட்டி உருவாக்கப்பட்டு, இன்று 52 வெள்ளைக் கட்டைகளும் 36 கருப்புக் கட்டைகளுமாக 88 கட்டைகளுடன் நிற்கிறது. கார்ட் பழகுவதற்கு அத்தனையும் வேண்டியதில்லை. ஐந்து ஸ்தாயிகள் கொண்ட 61 கட்டைக் கீபோர்டே போதும், ஆனால் விரலின் அழுத்தத்திற்கேற்ப ஒலி கூடிக் குறையும் அமைப்பு அதில் இருத்தல் வேண்டும், ஏனெனில் மெட்டை உயர்த்தியும் கார்டைத் தணித்தும் வாசிக்கும் பழக்கம் அவ்வமைப்பு இல்லாத கருவியில் வளராது. எக்கருவியானாலும் ஒரு ஸ்தாயிக்கு, அதாவது ஒரு சட்ஜத்திலிருந்து அடுத்த மேல் சட்ஜத்தைத் தொடும் வரையிலான பரப்புக்கு, ஏழு வெள்ளையும் ஐந்து கருப்புமாகப் பன்னிரண்டு கட்டைகளே உண்டு. கர்நாடக இசையின் பன்னிரண்டு சுரத்தானங்களும் இவையே. ஆர்மோனியத்தின் வழியாகத் தமிழ் மேடைகளில் ஊன்றிவிட்ட கட்டைக் கணக்கில், சி என்னும் வெள்ளைக் கட்டையைச் சட்ஜமாகக் கொள்வது ஒரு கட்டை, அதையடுத்த கருப்பு ஒன்றரைக் கட்டை, டி இரண்டு, இ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. பாடகர் ஐந்தரைக் கட்டை என்று சொன்னால் ஜி-க்கும் ஏ-க்கும் இடைப்பட்ட கருப்புக் கட்டையே சட்ஜம் என்று பொருள்.

அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலுள்ள தொலைவு, கருப்பையும் சேர்த்து எண்ணும்போது, அரைச்சுரம் எனப்படும். இரண்டு அரைச்சுரங்கள் சேர்ந்தது ஒரு முழுச்சுரம். இத்தொலைவுகளை ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் அடுக்கி ஏறிச்செல்லும் சுரவரிசையே ஸ்கேல். முழு, முழு, அரை, முழு, முழு, முழு, அரை என்ற ஒழுங்கு மேஜர் ஸ்கேலுக்கு உரியது, அதைச் சி-யிலிருந்து தொடங்கினால் கருப்புக் கட்டை ஒன்றுகூடப் படாமல் ஏழு வெள்ளைகளும் வரிசையாக வந்துவிடும், அவ்வரிசை 29-ஆவது மேளகர்த்தாவான சங்கராபரணத்தின் ஏறுநிரலேயாகும். அதே வெள்ளைக் கட்டைகளை வைத்துக்கொண்டு சட்ஜத்தை மட்டும் இடம்மாற்றுவது கிரக பேதம். டி-யிலிருந்து தொடங்கினால் கரகரப்பிரியா, இ-யிலிருந்து அனுமத்தோடி, எஃப்-இலிருந்து மேசகல்யாணி, ஜி-யிலிருந்து அரிகாம்போதி, ஏ-யிலிருந்து நடபைரவி என ஒவ்வொன்றாகத் தோன்றும். பி-யிலிருந்து தொடங்கினால் பஞ்சமம் கிடைக்காமையால் அது மேளகர்த்தா ஆவதில்லை. மேலை இசையில் மைனர் ஸ்கேல் எனப்படுவதன் இயல்பான வடிவம் இவற்றுள் நடபைரவிக்கு நேரானது. ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்கி, இவ்வாறு வெள்ளைக் கட்டைகளில் மட்டும் உலவிவருபவர், ஸ்கேல் என்பது விரலுக்கான உடற்பயிற்சி மட்டுமே என்ற எண்ணத்தை அன்றே விட்டுவிடுவார்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ஸ்கேலும் ராகமும் ஒன்றல்ல. ராகத்தின் உயிர் கமகத்தில், அதாவது சுரத்தை அசைத்தும் இழைத்தும் ஒலிக்கும் முறையில் தங்கியிருக்க, பியானோவின் ஒவ்வொரு கட்டையும் ஒரே நிலையான ஒலியை மட்டுமே தர வல்லது. தோடியின் காந்தாரத்தைப் பியானோவில் தேடுவது வீண்முயற்சி. மேலும், எந்தக் கட்டையையும் சட்ஜமாகக் கொள்ளும் வசதிக்காகப் பன்னிரண்டு அரைச்சுரங்களும் சம அளவாக வெட்டப்பட்டிருப்பதால், அந்தர காந்தாரம் அதன் தூய நிலையைவிட அரைச்சுரத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு உயர்ந்தே ஒலிக்கிறது; தம்பூராவில் ஊறிய காது அதை உடனே கண்டுகொள்ளும். கமகத்தை இழந்த இக்கருவி அதற்கு ஈடாகத் தருவது, பல சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்யும் ஆற்றலை.

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுரங்கள் சேர்ந்து ஒலிப்பதே கார்ட் எனப்படுகிறது. அதை ஆக்கும் விதி மிக எளியது. ஸ்கேலின் ஒரு சுரத்தை எடுத்து, அடுத்ததை விட்டு, அதற்கடுத்ததை எடுத்து, மீண்டும் ஒன்றை விட்டு இன்னொன்றை எடுத்தால் ஒரு கார்ட் கிடைக்கும். சட்ஜத்திலிருந்து தொடங்கினால் ச, க, ப, அதாவது சி, இ, ஜி. இதில் முதல் இடைவெளி நான்கு அரைச்சுரம், அடுத்தது மூன்று, ஆகவே இது மேஜர் கார்ட். ரிஷபத்திலிருந்து தொடங்கினால் டி, எஃப், ஏ. இதில் முதலில் மூன்றும் பின்னர் நான்கும் வருவதால் இது மைனர் கார்ட். இவ்விரண்டின் ஒலிவேறுபாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்தறியும் வரையில் மேற்கொண்டு செல்லாதிருப்பது நல்லது. ஏழு சுரங்களிலிருந்தும் இவ்வாறு கட்டினால் சி, எஃப், ஜி ஆகிய மூன்றும் மேஜராகவும், டி, இ, ஏ ஆகிய மூன்றும் மைனராகவும், பி மட்டும் இரு இடைவெளிகளும் மூன்று மூன்றாகக் குறுகிய டிமினிஷ்ட் கார்டாகவும் அமையும். சி மேஜரில் ஏ மைனர் ஏன் அடிக்கடி வருகிறது, ஏ மேஜர் ஏன் அவ்வளவாக வருவதில்லை என்ற கேள்விக்கு விடை இதுவே: ஏ மேஜருக்கு வேண்டிய சி ஷார்ப் என்னும் கருப்புக் கட்டை அந்த ஸ்கேலிலேயே இல்லை.

இந்த ஏழனுள் சி, எஃப், ஜி என்ற மூன்றையும் தனியே எடுத்து அவற்றின் சுரங்களைக் கூட்டிப் பார்ப்பவர், ஸ்கேலின் ஏழு சுரங்களும் அம்மூன்றுக்குள்ளேயே அடங்கிவிடுவதைக் காண்பார். ஆதலால் மேஜர் ஸ்கேலுக்குள் நிற்கும் எந்த மெட்டையும் இம்மூன்றைக் கொண்டே தாங்கிவிட முடியும். அதே வேளையில் ஒவ்வொரு சுரமும் ஏழு கார்ட்களுள் மூன்றில் இடம்பெறுகிறது. தைவதத்தை எஃப் மேஜரும் தாங்கும், டி மைனரும் தாங்கும், ஏ மைனரும் தாங்கும். தேர்வு என்பது இங்குதான் தொடங்குகிறது. முதலில் பாட்டைச் சுரமாகப் பாடி, அது எங்கு வந்து இளைப்பாறுகிறது என்பதைக் கொண்டு சட்ஜத்தை உறுதிசெய்து, பின்னர்த் தாளத்தின் அழுத்தமான இடங்களில் எந்தச் சுரம் விழுகிறது என்று குறித்துக்கொண்டு, அச்சுரத்தைத் தாங்கும் மூன்று கார்ட்களையும் ஒவ்வொன்றாக அடியில் வைத்துக் கேட்பதே முறை. இடையில் கடந்துசெல்லும் சுரங்களுக்கெல்லாம் தனித்தனியே கார்ட் மாற்ற வேண்டிய தேவையில்லை. அப்படி மாற்றுவோரின் வாசிப்பில் பாட்டு திக்கித் திக்கி நடக்கிறது. கையில் கிடைக்கும் கார்ட் தாள்களைச் சோதிக்கவும் இவ்வழியே உதவும்: அழுத்தமான இடத்தில் நீண்டு நிற்கும் சுரம் எழுதப்பட்ட கார்டில் இல்லையென்றால், தாளின்மீது ஐயம் கொள்வதே முறை.

கார்ட்களுக்கு ஓட்டமும் உண்டு. ஜி கார்டிலுள்ள பி, அதாவது காகலி நிஷாதம், மேல் சட்ஜத்துக்கு அரைச்சுரம் கீழே நின்று அதை நோக்கி இழுக்கிறது. ஜி கார்டோடு எஃப்-ஐயும் சேர்த்து ஜி-செவன்த் ஆக்கினால் அந்த மத்தியமமும் அரைச்சுரம் இறங்கிக் காந்தாரத்தில் அமர விரும்புகிறது. இரு பக்க இழுப்பும் சேர்ந்தே ஜி-யிலிருந்து சி-க்குத் திரும்பும்போது பாட்டு வீடு வந்து சேர்ந்த உணர்வைத் தருகின்றன. மைனரில் இதே இழுப்பைப் பெற ஓர் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது. ஏ-யிலிருந்து செல்லும் நடபைரவியில் நிஷாதம் ஜி. அது சட்ஜத்துக்கு ஒரு முழுச்சுரம் கீழே இருப்பதால் இழுப்பு வலுவற்றது, அதன் பஞ்சமத்தில் கிடைப்பதும் இ மைனர். அந்த ஜி-யை ஜி ஷார்ப்பாக உயர்த்தினால் இ மைனர் இ மேஜராகி ஏ மைனரை நோக்கி உந்தும். ஹார்மோனிக் மைனர் எனப்படும் அந்த ஸ்கேல், கர்நாடக இசையின் 21-ஆவது மேளமான கீரவாணிக்கு நேரானது. இளையராஜாவின் இசையில் 1987-இல் வெளிவந்த ரெட்டைவால் குருவி படத்தின் ராஜ ராஜ சோழன் நான் என்ற பாட்டு கீரவாணிக்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. மைனர் ஸ்கேல் பழகுவோர் அதைப் பலமுறை கேட்பது பயன்தரும், மெட்டை மட்டுமன்றி பேஸ் கிட்டார் எந்தச் சுரத்தில் ஊன்றி எங்கே நகர்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்பது இருமடங்கு பயன்தரும்.

இடக்கை ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு ஒவ்வொரு முறையும் தாவிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒரே கார்டின் சுரங்களை மேல்கீழாக மாற்றி அடுக்குவது இன்வெர்ஷன் எனப்படும். சி, இ, ஜி என்ற கார்டிலிருந்து எஃப்-க்குச் செல்லும்போது சி-யை அப்படியே வைத்துக்கொண்டு இ-யை எஃப்-க்கும் ஜி-யை ஏ-க்கும் நகர்த்தினால் போதும். ஜி-க்குச் செல்லும்போது ஜி-யை வைத்துக்கொண்டு சி-யைப் பி-க்கும் இ-யை டி-க்கும் இறக்கினால் போதும். இரு கார்ட்களுக்கும் பொதுவான சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, மற்றவற்றை மிக அருகிலுள்ள இடத்துக்கு நகர்த்தும் இப்பழக்கத்துக்கு, விரலுக்கு எளிது என்பதைவிடக் காதுக்கு இனிது என்பதே முதற்சிறப்பு.

மேஜர் ஸ்கேலுக்குள் நிற்கும் பாட்டுகளோடு இப்பாடம் முடிந்துவிட்டால் தொல்லையில்லை. தமிழ்ப் பாட்டுகள் பலவும் அப்படி நிற்பதில்லை. மோகனத்தை எடுத்துக்கொள்ளலாம். ச, ரி, க, ப, த என்ற ஐந்து சுரங்களே உடைய இந்த ராகத்தில், சி-யைச் சட்ஜமாகக் கொண்டால் சி, டி, இ, ஜி, ஏ என்பவை மட்டுமே கிடைக்கும். மத்தியமமும் நிஷாதமும் இல்லை. இவ்வைந்தைக் கொண்டு முழுமையாகக் கட்டக்கூடிய மேஜர், மைனர் கார்ட்கள் இரண்டே: சி மேஜரும் ஏ மைனரும். எஃப் கார்டைத் தொட்டால் எஃப் என்னும் மத்தியமம் நுழைந்துவிடுகிறது, ஜி கார்டைத் தொட்டால் பி என்னும் நிஷாதம் நுழைந்துவிடுகிறது, டி மைனரிலும் எஃப், இ மைனரிலும் பி. பூச்சி சீனிவாச ஐயங்காரின் நின்னுகோரி வர்ணமும், அதன் தொடக்கத்தை நினைவூட்டி 1988-இல் அக்னி நட்சத்திரம் படத்தில் வந்த நின்னுக்கோரி வர்ணம் என்ற பாட்டும் மோகனத்தில் அமைந்தவை. இவற்றை வீட்டில் வாசிக்க அமர்பவர், முன்பு கற்ற மூன்று கார்ட் விதியை அப்படியே பொருத்தினால், மெட்டில் இல்லாத அன்னிய சுரங்கள் இரண்டு இடக்கையில் ஓயாமல் ஒலிப்பதைக் கேட்பார். அது தவறு என்று சொல்வதற்கில்லை, ஏனெனில் மெட்டு ராகத்துக்குள் நிற்க, அதன் அடியில் ராகத்துக்கு வெளியிலுள்ள சுரங்களைக் கொண்டு நிறம் ஏற்றுவது திரையிசையில் நெடுங்காலமாக வழங்கிவரும் உத்தி. எனினும், தெரிந்து செய்வதற்கும் தெரியாமல் செய்வதற்கும் வேறுபாடு உண்டு. முதலில் சி மேஜர், ஏ மைனர் என்ற இரண்டோடு மட்டும் வாசித்து, ரிஷபம் அழுத்தமாக விழும் இடங்களில் ஜி-யையும் டி-யையும் மட்டும் சேர்த்து, நிஷாதத்தை விட்டுவிட்டு ஒலிக்கச் செய்யலாம். கார்டின் நடுச்சுரத்தை நீக்கிய இத்தகைய இணை, மேஜர் என்றோ மைனர் என்றோ பேர்சொல்லாமல் தம்பூராவின் தன்மையோடு நிற்கும், மோகனத்தில் இத்தகைய இணைகள் ச-ப, ரி-த, ப-ரி, த-க என நான்கு கிடைக்கின்றன. ஜி, சி, டி என்ற மூன்றையும் சேர்த்தால் சஸ்பெண்டட் எனப்படும் தொங்கும் கார்ட் கிடைக்கும்; அதன் மூன்று சுரங்களும் மோகனத்துக்கு உரியவையே. இவ்வளவும் காதில் பதிந்தபின், தைவதம் நீளும் ஓரிடத்தில் எஃப் கார்டை வைத்துக் கேட்டால், அந்த ஒற்றை மத்தியமம் எத்தகைய வெளிச்சத்தைக் கொண்டுவருகிறது, எதைக் கலைக்கிறது என்பது தெளிவாகப் புலப்படும். வைத்துக்கொள்வதா விலக்குவதா என்பது அதன்பின் வாசிப்பவரின் உரிமை.

கீபோர்டுகளில் உள்ள டிரான்ஸ்போஸ் என்னும் பொத்தானைப் பற்றியும் ஒரு சொல். அதை அழுத்திவிட்டால், சி மேஜரின் வெள்ளைக் கட்டைகளிலேயே வாசித்துக்கொண்டு எந்தச் சுருதியிலும் ஒலிக்கச் செய்யலாம். பாடுபவர் திடீரென்று அரைக்கட்டை இறக்கச் சொல்லும் அவசரத்தில் அது உதவியே. ஆனால் கருப்புக் கட்டைகள் கடினமானவை என்ற அச்சத்தால் என்றென்றும் அதில் தங்கிவிடுவோர், அப்பொத்தான் இல்லாத ஒரு பியானோவின் முன் அமரும்போது கைகட்டி நிற்க நேரிடும். அந்த அச்சத்துக்கு அடிப்படையும் இல்லை. பாரிஸில் பல ஆண்டுகள் பியானோ கற்பித்த ஃபிரெடெரிக் ஷோப்பான், தம் மாணவர்களின் வலக்கைப் பெருவிரலையும் சிறுவிரலையும் இ, பி என்ற வெள்ளைகளிலும், நீண்ட மூன்று விரல்களை இடையிலுள்ள கருப்புக் கட்டைகளிலும் வைக்கச் சொல்லித் தொடங்கினார். ஸ்கேல்களுள் முதலில் பி மேஜரையே, அதாவது ஏழு கட்டைச் சங்கராபரணத்தையே கற்பித்து, பிடிமானமற்ற சமதளமாகிய சி மேஜரை எல்லாவற்றினும் கடினமானதாகக் கருதிக் கடைசிக்குத் தள்ளினார். கையின் இயல்பான வளைவை அறிந்தவரின் முடிவு அது. ஆண்குரல் பொதுவாக ஒன்று முதல் இரண்டு கட்டையிலும் பெண்குரல் ஐந்து, ஐந்தரையை ஒட்டியும் பாடும் வழக்கு இருப்பதால், சி-யை அடுத்து ஜி-யைப் பழகுவது வீட்டுக்கச்சேரிக்கும் பொருத்தம். அதில் புதிதாக வரும் கருப்புக் கட்டை எஃப் ஷார்ப் ஒன்றே, புதிதாகக் கற்க வேண்டிய முதன்மைக் கார்டும் டி மேஜர் ஒன்றே, ஏனெனில் மற்ற இரண்டாகிய ஜி-யும் சி-யும் முன்பே கைவசம் உள்ளவை.

தானியங்கித் தாளமும் பக்கவாத்தியமும் சேர்ந்து ஒலிக்கும் ஸ்டைல் வசதியைத் தொடக்கத்தில் அணைத்துவைப்பது நலம். சஸ்டெயின் பெடலை, கார்ட் மாறும் கணத்தில் விடுவித்து, புதிய கார்டை அழுத்தியவுடன் மீண்டும் மிதிக்க வேண்டும். இல்லையெனில் பழைய கார்டும் புதியதும் கலந்து குழம்பும்.

முதற்பாட்டு எது என்று கேட்போருக்கு, திரைப்பாட்டுக்கு முன்பாக ஒன்றைப் பரிந்துரைக்கலாம். முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) இளமையில் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனியாரின் பேண்டு வாசித்த ஐரோப்பிய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழிச் சாகித்தியம் இயற்றினார் என்பர். சங்கராபரணத்தில் அமைந்த ஏறத்தாழ 40 நோட்டுசுர சாகித்தியங்கள் இன்றும் பாடப்படுகின்றன. கமகமின்றி நேர்சுரங்களில் நடப்பவை ஆதலால் இவை பியானோவில் எந்த இழப்புமின்றி ஒலிக்கும். அவற்றுள் சியாமளே மீனாக்ஷி, குழந்தைகள் பாடும் ட்விங்கிள் ட்விங்கிள் பாட்டின் மெட்டிலேயே அமைந்தது. அம்மெட்டு ஒரு பழைய பிரெஞ்சுப் பாட்டுக்கு உரியது, மொசார்ட் அதைக்கொண்டு பியானோவுக்கு 12 வேறுபாடுகள் எழுதியிருக்கிறார். சட்ஜத்திலும் பஞ்சமத்திலும் சி, தைவதத்தில் எஃப், மீண்டும் பஞ்சமத்தில் சி, மத்தியமத்தில் எஃப், காந்தாரத்தில் சி, ரிஷபத்தில் ஜி, சட்ஜத்தில் சி என்று அதன் முதல் அடியைத் தாங்கலாம். அது கைக்கு வந்தபின் தைவதத்தின் கீழ் எஃப்-க்கு மாறாக ஏ மைனரையோ டி மைனரையோ வைத்துப் பார்க்கலாம். மொசார்ட்டின் எட்டாவது வேறுபாடு மைனரில் அமைந்தது. அவ்வாறே மெட்டின் காந்தாரத்தையும் தைவதத்தையும் அரைச்சுரம் தாழ்த்தினால் சி மேஜர் சி மைனராகவும் எஃப் மேஜர் எஃப் மைனராகவும் மாறிவிடும். எஞ்சுவது ஜி. இம்மெட்டில் நிஷாதம் ஓரிடத்திலும் வருவதில்லை. ஆகையால் ரிஷபத்தின் அடியில் பி ஃப்ளாட் என்னும் கருப்புக் கட்டையோடு ஜி மைனர் வருவதா, பி-யோடு ஜி மேஜர் வருவதா, அதாவது பாட்டு நடபைரவியின் பக்கம் சாய்வதா கீரவாணியின் பக்கம் சாய்வதா என்பதை வலக்கை சொல்லாது, இடக்கைதான் முடிவுசெய்ய வேண்டும்.